பத்தொன்பதாம் எண்ணின் குரல்

பிப்ரவரி 22, சனி. பலேர்மோ

இந்த நோட்டைக் கொடுத்தது ட்ரஸ்ட். முதல் பக்கத்தில் நிறுவனரின் படம், தலைப்பாகையோடு. உதவி பெறும் மாணவி பயணக் குறிப்பு எழுதி ஒப்படைக்க வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். ஒப்படைக்க வேறொன்று எழுதிக்கொள்ளலாம். படத்தைக் கிழித்துவிட்டேன். இனி இது என் நோட்டு.

கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு, இருபத்து நான்கு பேர், விஸ்வேஸ்வரன் சார், ஒரு பஸ். சிசிலித் தீவை ஒன்பது நாளில் சுற்றிவிட்டு மறுபடி பலேர்மோவுக்கே வந்து விமானம் ஏற வேண்டும். இருபத்து மூன்று பேரை அவர்களுடைய அப்பாக்கள் அனுப்பினார்கள். என்னை ட்ரஸ்ட் அனுப்பியது. ட்ரஸ்ட் சம்யுக்தாவின் தாத்தா பெயரில் இருக்கிறது. அவள் என் வகுப்பு. இந்தப் பயணத்தில் என் அறையும் அவளோடுதான். கோவை விமான நிலையத்தில் வழியனுப்ப வந்த அத்தையிடம் என்னைக் காட்டிச் சொன்னாள்: "அத்த, இவதான் பேச்சி. நம்ம ட்ரஸ்ட் பொண்ணு."

புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜைக் காட்டும் குரல்.

என் பெயர் முத்துப்பேச்சி. ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்பா சென்ட்ரிங் வேலை. இதையெல்லாம் அந்த அத்தை கேட்கவில்லை.

பஸ் டிரைவர் தமிழர். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து இருபத்தாறு வருடம். பெயர் தவராசா. பெயரைக் கேட்டதும் பையன்கள் விசிலடித்தார்கள், தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பஸ்ஸுக்குள்ள சாப்பிடக் கூடாது. சப்பாத்தோட சீற்றில கால் வைக்கக் கூடாது. விளங்கினதோ?" என்றார். செல்ஃபி எடுத்த நிகிலேஷ் ஹோட்டல் வரும்வரை "விளங்கினதோ, விளங்கினதோ" என்று அவரைப்போலப் பேசிக்காட்டிக்கொண்டே வந்தான். சார் அதற்குச் சிரித்தார்.

பிப்ரவரி 23, ஞாயிறு. பலேர்மோ

ஐந்து மணிக்கு எழுந்தேன். இரண்டு எலெக்ட்ரிக் குக்கர், புளிக்காய்ச்சல் பாக்கெட், அலுமினியத் தாள். ஹோட்டல் அறையில் சமைக்கக் கூடாது என்று கதவில் படமே ஒட்டியிருக்கிறது. கூரையிலிருக்கும் புகை அலாரத்தைக் குளியல் தொப்பியால் மூடிவிட்டு அரிசி வைத்தேன். இருபத்தைந்து பொட்டலம். இந்த வேலைக்கு என்னை யாரும் நியமிக்கவில்லை. கோவையில் சாமான் கட்டும்போதே குக்கர் என் பெட்டிக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். சம்யுக்தா குளிர்கண்ணாடியைக் கண்ணில் போட்டுக்கொண்டு தூங்கினாள். எழுந்ததும், "ஐயோ, எழுப்பியிருக்கலாம்ல," என்றாள். தினமும் சொல்வாள்.

மொன்ரியாலே தேவாலயம் பார்த்தோம். சுவர் முழுக்கத் தங்கம். யார் கல் சுமந்தது என்று கேட்டேன். "நல்ல கேள்விம்மா, ஆனா சிலபஸ்ல இல்ல," என்றார் சார். எல்லாரும் சிரித்தார்கள்.

சார் பஸ்ஸிலும் வருகைப் பதிவேடு வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஊரிலும் கிளம்பும்முன் முன்னிருக்கையில் உட்கார்ந்து, தலை தூக்காமல், ஒன்று, இரண்டு என்று வாசிப்பார். எஸ் சார், எஸ் சார். நான் பதினான்கு. சம்யுக்தா பத்தொன்பது. முதலாம் ஆண்டிலிருந்து அவள் இல்லாதபோது அவளுக்கு ப்ராக்ஸி சொல்வது நான்தான். அவளுடைய "எஸ் சார்" மூக்கால் வந்து கடைசியில் இழுபடும். எனக்கு அது அப்படியே வரும். ஆரம்பத்தில் மாடல் செய்ய அட்டையும் கட்டரும் அவள் தந்தாள், அதற்காகச் சொன்னேன். பிறகு வாய் பழகிவிட்டது.

பிப்ரவரி 24, திங்கள். ட்ராபனி

வழியில் செஜெஸ்தா. மலை மேல் ஒரு கோயில், தனியாக, கூரை இல்லாமல். முடிக்காமலே விட்டுவிட்டார்களாம். சார் விகிதம், தாளம் என்று அரை மணி நேரம் பேசினார். எனக்கு அடிப்படிக்கட்டில் துருத்திக்கொண்டிருந்த கல்முண்டுகள்தான் தெரிந்தன. கயிறு மாட்டித் தூக்குவதற்காக விட்டவை. வேலை முடிந்ததும் செதுக்கி எடுத்துவிடுவார்கள். இங்கே எடுக்கவில்லை, ஏனென்றால் எடுக்க வேண்டியவன் போய்விட்டான் அல்லது செத்துவிட்டான். அதை வரைந்தேன். சார் என் தாளைப் பார்த்து, "முழுக் கட்டடத்தையும் பாரும்மா," என்றார்.

என் பையிலிருந்து புளிக்காய்ச்சல் எண்ணெய் சீட்டில் கசிந்துவிட்டது. தவராசா எல்லார் முன்னாலும் கத்தினார். "நீர் என்ன, சின்னப் பிள்ளையோ? இதை நான் எதால கழுவுறது?" துணியை என் கையில் திணித்தார். துடைத்தேன். நான் ஒருத்திதான் அவருக்குக் காலை வணக்கம் சொல்கிறவள். இனி சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய். ட்ராபனி

மழை. உப்பளம் பார்த்தோம். சம்யுக்தா கடைசி வரிசைக் கூட்டத்தோடு சண்டை போட்டுக்கொண்டு என் பக்கத்து இருக்கைக்கு வந்துவிட்டாள். என் ஸ்வெட்டர் நனைந்திருந்தது. தன் நீல ஜாக்கெட்டைக் கொடுத்தாள். போட்டுக்கொண்டேன். மாலையில் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் படம் வந்தது. நான் அந்த ஜாக்கெட்டில், கீழே அவள் எழுதியது: "ஷேரிங் இஸ் கேரிங்." முப்பத்தொரு இதயங்கள்.

பிப்ரவரி 26, புதன். ட்ராபனி மருத்துவமனை

தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாலை ஆறு மணி. நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். நாளைக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

காலை எரிச்சே போனோம். மலையுச்சியில் கற்கோட்டை ஊர். மேகம் ஊருக்குள்ளேயே இறங்கி நிற்கிறது, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரிவதும் மறைவதுமாக. பஸ் உள்ளே போக முடியாது. கோட்டை வாசல் வளைவுக்கு வெளியே நிறுத்துமிடம். 12.30க்கு எல்லாரும் பஸ்ஸில் இருக்க வேண்டும். ஏறும்போதே நான் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டேன், அடுத்த ஊரான செலினுந்தேயில் இறங்கிச் சாப்பிட. இருபத்தைந்தும் தீர்ந்தது. சார் வருகை எடுத்தார். எல்லா எண்ணுக்கும் பதில் வந்தது. தவராசா, "சரியோ சேர்?" என்று கேட்டார். "எல்லாரும் இருக்காங்க, எடுங்க," என்றார் சார். பின்னால் இரண்டு பஸ்கள் இடத்துக்காக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. 12.40க்குக் கிளம்பினோம். நான் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

செலினுந்தேயில் சாப்பாடு முடித்து டிக்கெட் கொடுக்கும்போது ஒரு டிக்கெட் மிச்சம். சம்யுக்தா இல்லை. அவள் ஃபோன் பஸ்ஸில் சார்ஜில் இருந்தது. பாஸ்போர்ட் எல்லாருடையதும் சாரின் இடுப்புப் பையில். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. தவராசா பஸ்ஸைத் திருப்பினார்.

மழையில் அந்த வழுக்குக் கல் தெருவில் ஓடி விழுந்திருக்கிறாள். வலது மணிக்கட்டு முறிவு. ஒரு பலகாரக் கடைக்காரப் பெண் உள்ளே உட்காரவைத்து போலீஸைக் கூப்பிட்டிருக்கிறாள். இப்போது மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

யாரோ அவளுக்கு ப்ராக்ஸி சொல்லியிருக்கிறார்கள். "யாரு?" என்று சார் பஸ்ஸில் எல்லாரையும் கேட்டார். பிறகு என்னைக் கேட்டார். தூங்கிவிட்டேன் சார் என்றேன்.

பிப்ரவரி 27, வியாழன். அக்ரிஜென்தோ

காலையில் சம்யுக்தாவுக்குப் பல் துலக்கிவிட்டேன். பேஸ்ட் பிதுக்க ஒரு கை போதவில்லை. சட்டைப் பொத்தான் போட்டேன். முடி பின்னினேன். சார் சொல்லிவிட்டார், "நீதானேம்மா அவ ஜோடி." அவள் என்னோடு பேசவில்லை. பின்னும்போது வேண்டுமென்றே தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு எதிரிலேயே அவள் அப்பாவோடு வீடியோவில் பேசினாள். "இல்லப்பா, நான் லேட் இல்ல. ஓடி வந்து கதவத் தட்டினேன். டிரைவர் கண்ணாடில பாத்துட்டுத்தான் எடுத்தாரு." அவர் மறுமுனையில் கத்தியது எனக்கே கேட்டது. போலீஸ் கேஸ், லைசன்ஸ், தூதரகம். ஃபோனை சாரிடம் கொடுக்கச் சொன்னார். சார் எழுந்து நின்றுகொண்டு பேசினார். பேசி முடித்ததும் சாரின் முகத்தில் நேற்று போன ரத்தம் திரும்பி வந்திருந்தது. ப்ராக்ஸி யார் என்று அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை.

பஸ் கம்பெனி பலேர்மோவில் மூன்று பஸ் வைத்திருக்கும் சின்னக் குடும்பம். மாற்று டிரைவர் இல்லை. ஞாயிறு பலேர்மோ திரும்பும்வரை இவரே ஓட்டுவார், அங்கே விசாரணை, தட்டியது உண்மையென்றால் அன்றோடு வேலை இல்லை, லைசன்ஸும் போகும் என்று சார் மைக்கிலேயே அறிவித்தார். தவராசா ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் காதுக்கும் மைக்குக்கும் இடையில் இரண்டடி.

கோயில் பள்ளத்தாக்கில் எல்லாரும் இறங்கியபின் அவர் என்னைக் கூப்பிட்டார். கையில் அலுமினியப் பொட்டலம், பிரிக்காதது.

"இது உம்மடை சீற்றுக்குக் கீழ கிடந்தது."

"என்னோடது."

"நீர் செலினுந்தேயில சாப்பிட்டனீர். நான் பாத்தனான்."

"ரெண்டு எடுத்துக்கிட்டேன்."

"இருபத்தஞ்சுதானே கட்டினனீர்."

அவர் பொட்டலத்தைக் குப்பைப் பெட்டியில் போட்டார். "கதவில ஒருத்தரும் தட்டேல்லை," என்றார். "தட்டினால் எனக்குக் கேக்கும். இருபத்தாறு வருசம் இந்தக் கதவோடதான் சீவியம்." அதில் கெஞ்சல் ஒன்றும் இல்லை. சீட்டில் ஒட்டிக்கொண்ட அழுக்கைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

சரி. பொட்டலத்தை சம்யுக்தாவின் இருக்கையில் நான்தான் வைத்தேன். வந்து எடுத்துக்கொள்வாள் என்று. பத்து நிமிடம் தாமதமாகும், எஸ் சொல்லிவிடு, நான் பின்கதவால் ஏறிவிடுவேன் என்று பலகாரக் கடை வாசலில் அவள்தான் சொன்னாள். சொன்னேன். மூன்று வருடமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். சார் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. செலினுந்தேயில் சாப்பிடும்போது, அவள் எங்கே என்று வகுப்புத்தோழி ஆதிரா கேட்டாள். டாய்லெட் என்றேன். அங்கேதான் இருப்பாள் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி. நோதோ

இந்த ஊர் முழுக்கத் தேன் நிறம். நிலநடுக்கத்தில் பழைய ஊர் அழிந்தபின் புதிதாகக் கட்டினார்களாம். பிரபுக்களின் மாடங்களைத் தாங்கிக்கொண்டு கல்லில் சிங்கங்கள், குதிரைகள், வாய் பிளந்த மனிதர்கள். சார் மாடங்களைப் பற்றிப் பேசினார்.

இப்போதெல்லாம் பஸ்ஸில் யாரும் தவராசாவோடு பேசுவதில்லை. ஏறும்போது விலகி ஏறுகிறார்கள். நிகிலேஷ், "கதவப் பாத்து ஏறுங்கடா, விட்டுட்டுப் போயிருவாரு," என்றான். கைதட்டல். நான் முன்பெல்லாம் இப்படிப் பேசுகிறவனிடம் சண்டைக்குப் போவேன். உழைக்கிறவரை மரியாதையில்லாமல் பேசாதே என்று இதே நிகிலேஷை இரண்டாம் ஆண்டில் கேன்டீனில் மேசையைத் தட்டிக் கேட்டிருக்கிறேன். இன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுபடியும் ஜன்னல் பக்கம்.

அவர் இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து வந்து, ஒவ்வொரு இருக்கையாக விரலை நீட்டி எண்ணுகிறார். இத்தாலியத்தில் எண்ணுகிறார். எங்கள் முகங்களைப் பார்ப்பதில்லை.

மார்ச் 1, சனி. சிரகூசா

காலை பத்து மணிக்கு சார் என்னைக் காபி குடிக்கக் கூப்பிட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"நீ பின்கதவு பக்கத்துலதானேம்மா உட்கார்ந்திருந்த?"

"ஆமா சார்."

"அப்ப தட்டின சத்தம் கேட்டிருக்கும்."

"தூங்கிட்டேன்னு சொன்னேனே சார்."

"தூங்கும்போதுகூடச் சத்தம் கேக்கும். முழிப்பு வராது, அவ்வளவுதான்." சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்து என் காபியில் போட்டார். "ட்ரஸ்டுக்கு உன்னைப் பத்தி வருஷா வருஷம் ரிப்போர்ட் எழுதறது நான்தான். நல்லாத்தான் எழுதிட்டிருக்கேன். இந்த வருஷமும் அப்படித்தான் எழுதணும்னு பாக்கறேன்."

தட்டச்சு செய்த தாளைத் தந்தார். ஆங்கிலத்தில் எட்டு வரி. பலமுறை தட்டும் சத்தம் என் காதில் தெளிவாக விழுந்தது என்று அதில் நான் சொல்லியிருந்தேன். நாளை கம்பெனி முதலாளி முன்னால் இதை வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

தாளை மடித்து வைத்துக்கொண்டேன். காபி தித்திப்பாக இருந்தது. குடித்தேன்.

மாலை நான்கு மணிக்கு சம்யுக்தா தலை குளிக்க வேண்டும் என்றாள். மாவுக்கட்டில் பாலிதீன் பை சுற்றி ரப்பர் போட்டேன். குளியல்தொட்டி ஓரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஷாம்பு போட்டேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"நீ என்னைப் பாத்த."

நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"வளைவுக்குக் கீழ நின்னு ரெண்டு கையையும் ஆட்டினேன். நீ நேரா பாத்த. அப்புறம் மூஞ்சியத் திருப்பிக்கிட்ட."

"மூடுபனி."

"அந்த நேரத்துல விலகியிருந்துச்சு, பேச்சி. உன் ஜாக்கெட் கலர்கூடத் தெரிஞ்சுது. என் ஜாக்கெட்."

தண்ணீரைத் திறந்தேன். சூடாக வந்துவிட்டது. அவள் கத்தினாள். குறைத்தேன்.

"நீ கதவத் தட்டல," என்றேன்.

"இல்ல."

"கதவுகிட்டயே வரல."

"எப்படி வர்றது? நான் ஓட ஆரம்பிச்சு நாலாவது அடியில விழுந்துட்டேன்."

"அப்பறம் ஏன் அந்த ஆள் மேல போட்ட?"

"எங்கப்பாகிட்ட வேற என்ன சொல்லச் சொல்ற? ஃபிரெண்டு பாத்துட்டே விட்டுட்டுப் போயிட்டான்னா?"

ஃபிரெண்டாம்.

"உன்னை யாரு ஃபிரெண்டுன்னு சொன்னா? நான் உங்க ட்ரஸ்ட் பொண்ணு."

அவள் கண்ணைத் திறந்தாள். நுரை உள்ளே போய்ச் சிவந்துவிட்டது. "அதுக்கா?" என்றாள். "அந்த ஒரு வார்த்தைக்கா?"

"ஒரு வார்த்தையா? மூணு வருஷமா உங்க கூட்டம் சொல்ற ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணி வச்சிருக்கேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா?"

துண்டை அவள் தலையில் போட்டேன். ஒரு கையால் துடைக்க வரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து நானே துடைத்துவிட்டேன்.

"சரி," என்றாள் துண்டுக்குள்ளிருந்து. "நீ வாயத் திறக்காத. நானும் திறக்கல. எனக்கு அப்பாகிட்டப் பிரச்சினை இல்ல. உனக்கு காலேஜ்ல பிரச்சினை இல்ல. முடிஞ்சுது."

"அவருக்கு?"

"யாருக்கு?"

உண்மையாகவே யாருக்கு என்று கேட்டாள்.

எழுதாமல் வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன். தூங்கவில்லை. கதவு மூடியது, பஸ் நகர்ந்தது, பனி விலகியது. அவள் வளைவின் கீழே நின்றாள், கதவிலிருந்து முப்பது அடியாவது இருக்கும். கை ஆட்டினாள். "அண்ணே, நிறுத்துங்க" என்று ஒரு தடவை சொன்னால் போதும். சொல்ல வாய் வரவில்லை என்று எழுதலாம், அது பொய். வாய் நன்றாகத்தான் இருந்தது. நான்கு நிமிடம் முன்புதான் அவள் குரலிலேயே பேசியிருந்தது. நான் சும்மா இருந்தேன். சந்தோஷமாக இருந்தது. நடந்து வரட்டும் என்று நினைத்தேன். பையை எடுத்து அவள் இருக்கையில் வைத்தேன்.

அவள் தட்டவில்லை என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான். தட்டவில்லை என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

மார்ச் 2, ஞாயிறு. பலேர்மோ

கம்பெனி அலுவலகம் பஸ் நிறுத்தும் கொட்டகையின் ஓரத்தில் ஒரு அறை. முதலாளி ஒரு வயதான அம்மா, ரோசாலியா. கம்பளி மேலாடை, மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு படிவக்கட்டு. அவருக்கு இத்தாலியம் தவிர எதுவும் தெரியாது. ஆங்கிலம் பேசும் மகள் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லையாம்.

சார் தன் ஃபோனை மொழிபெயர்ப்பு போட்டு நீட்டினார். அந்த அம்மா புறங்கையால் அதைத் தள்ளிவிட்டு, தவராசாவைக் காட்டினார். இவர் சொல்லட்டும்.

"அவர்தானே குற்றவாளி, அவரே எப்படி மொழிபெயர்க்கலாம்?" என்று சார் ஆங்கிலத்தில் கேட்டார். அதை அந்த அம்மாவுக்கு மொழிபெயர்த்தவரும் தவராசாதான். அந்த அம்மாவின் பதிலைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இத்தாலியன் கதைக்கிறதெண்டால் கதையுங்கோ எண்டு சொல்லுறா," என்றார். சார் உட்கார்ந்தார்.

தவராசா இன்று டை கட்டியிருந்தார். முடிச்சு சரியாக விழவில்லை. அவர் உட்காரவில்லை, மேசை ஓரத்தில் நின்றார்.

முதலில் சார். தவராசா தன்மீது சொல்லப்பட்ட புகாரை வரி வரியாக இத்தாலியத்தில் சொன்னார். குரலில் எந்த மாற்றமும் இல்லை, ரயில் நேரம் வாசிப்பதுபோல. பிறகு சம்யுக்தா, இரண்டே வரி. தட்டினேன். எடுத்துட்டாரு. அதையும் சொன்னார்.

"இப்ப எங்க சாட்சி," என்றார் சார். "வாசிம்மா."

தாளைப் பிரித்தேன். சாரின் ஆங்கிலம் அழகாக இருந்தது. மூடினேன்.

"நான் தமிழ்ல சொல்றேன்," என்றேன். "பத்தொன்பதுக்கு எஸ் சார் சொன்னது நான்."

தவராசா என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பிச் சொன்னார். இத்தாலியத்தில் எனக்குத் தெரிந்த இருபது சொற்களில் 'இயோ' ஒன்று. நான் என்று அர்த்தம். "இந்தப் பெண் சொன்னாளாம்" என்று அவர் சொல்லவில்லை. இயோ என்றே சொன்னார்.

"முத்துப்பேச்சி," என்றார் சார், "உட்காரு."

"அவ கதவத் தட்டல. கதவுகிட்ட வரவே இல்ல. முப்பது அடி தள்ளி, கோட்டை வாசல்ல நின்னு கை ஆட்டினா."

தவராசாவிடமிருந்து இயோ இல்லாமல் ஒரு வாக்கியம். அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒன்று கேட்டார்.

"உமக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறா."

இதைத்தான் நேற்று எழுதிவைத்திருந்தேன். எழுதுவது சுலபம்.

"நான் அவளப் பாத்தேன். ஜன்னல் வழியா. பஸ் அப்பதான் நகர்ந்துச்சு. சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. நான் சொல்லல."

தவராசா டையைத் தளர்த்தினார். அவர் கழுத்து சிவந்திருந்தது. அறைக்கு வெளியே ஏதோ பஸ்ஸைக் கழுவும் தண்ணீர்ச் சத்தம். பிறகு சொன்னார். நான் பார்த்தேன், நான் சொல்லவில்லை என்று என் தப்பு அவர் வாயிலிருந்து அவர் குரலில் வந்தது. அவரே செய்ததுபோல இருந்தது. எனக்குக் காதை மூடிக்கொள்ள வேண்டும்போல் ஆகிவிட்டது.

அந்த அம்மா சம்யுக்தா பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இவ சொல்லுறது சரியோ எண்டு கேக்கிறா."

"சம்யுக்தா, யோசிச்சுப் பேசு," என்றார் சார்.

அவள் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை. வெறுப்போடுதான் பார்த்தாள். "யோசிச்சுட்டேன் சார்," என்றாள். "நான் தட்டல."

சார் எழுந்து வெளியே போய்விட்டார். யாருக்கோ ஃபோன் பண்ணுவது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மா தவராசாவிடம் கொஞ்ச நேரம் கடுமையாகப் பேசினார். விரலை ஆட்டி, இருக்கைகளை எண்ணுவதுபோல் காட்டி. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்த அம்மா மேசை இழுப்பறையைத் திறந்து பஸ் சாவியை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். அவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. என் பக்கம் நன்றி என்று ஒன்றும் வரவில்லை. நான் அதை எதிர்பார்த்து நின்றேன் என்பது, அது வராதபோதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த அம்மா படிவத்தில் எழுத ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி இன்னொன்று கேட்டார்.

"ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கிறா. காரணம்."

இதற்குச் சொல்ல என்னிடம் மூன்று வருடக் கணக்கு இருக்கிறது. சொன்னேன். ட்ரஸ்ட் பொண்ணு என்று தொடங்கினேன். ஐந்து மணிக்கு எழுந்து கட்டிய பொட்டலங்கள், அந்த ஜாக்கெட், அந்தப் படம், முப்பத்தொரு இதயங்கள். சிலபஸில் இல்லை என்று சிரித்தது. அப்பா கட்டிய கட்டடங்களில் ஒன்றுக்குள்ளும் அவரை வாட்ச்மேன் விடாதது. முதலாம் ஆண்டில் என் இங்கிலீஷைப் பேசிக்காட்டியவன். அடக்க முடியவில்லை, ஒன்றைச் சொன்னால் அடுத்தது வந்து நின்றது. சம்யுக்தா ஒரு இடத்தில் "போதும் பேச்சி" என்றாள். நான் நிறுத்தவில்லை. ஐந்து நிமிடமாவது பேசியிருப்பேன். தவராசா குறுக்கிடாமல் கேட்டார்.

நான் முடித்ததும் அவர் அந்த அம்மாவிடம் ஒரே ஒரு சொல் சொன்னார். அந்த அம்மா தலையாட்டி அதை எழுதிக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கோவம் எண்டு சொன்னன்."

"நான் எவ்வளவோ சொன்னேனே."

"ஓம். கேட்டனான்." படிவத்தை என் பக்கம் திருப்பி விரல் வைத்துக் காட்டினார். "இதில ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கு."

பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். அந்த அம்மாவின் கையெழுத்து தெளிவாக இருந்தது, ஆங்கிலத்தில் இருக்கும் அதே எழுத்துகள்தான். எழுத்துக்கூட்டி அந்தச் சொல்லை வாசித்தேன்: ரப்பியா. அதைச் சுற்றி வரி முழுக்கக் காலி இடம் கிடந்தது. ஆறே எழுத்து. அதன் கீழே என் முழுப் பெயரையும் எழுதினேன்.